கால் மில்லிமீட்டர் இடம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து மேய்ச்சல் காடுகளில் உட்சக் என்றொரு பிராணி உண்டு. அணில் குடும்பம்தான்; ஆனால் வளர்ந்த பூனையின் பருமன். மண்ணைக் குடைந்து வளை போடும். அந்த வளைவாயில் மாடு கால் வைத்தால் கால் போச்சு. வைக்கோல் வெட்டும் இயந்திரத்தின் சக்கரம் இறங்கினால் அன்றைய வேலை போச்சு. பயிரையும் மேய்ந்துவிடும் என்பதால் விவசாயிக்கு அது எதிரி. துப்பாக்கி எடுத்தவருக்கோ அது ஒரு கணக்கு. வளை விளிம்பில் பின்னங்காலில் எழுந்து நின்று சுற்றும் முற்றும் பார்க்கும். அப்போது கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய ஒரு சாண். ஆள் நெருங்கினால் உள்ளே போய்விடும். இருநூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே சுட்டாக வேண்டும்.

குழலை விட்டுக் கிளம்பிய கணத்திலேயே குண்டு விழத் தொடங்கிவிடுகிறது. கையிலிருந்து நழுவிய கல் எந்த வேகத்தில் விழுமோ அதே வேகம்தான். பக்கவாட்டில் பறப்பதால் பூமி சலுகை எதுவும் தருவதில்லை. 1885-ல் வின்செஸ்டர் கம்பெனி விற்ற .22 டபிள்யூசிஎஃப் என்ற தோட்டா, 45 கிரெய்ன் (2.9 கிராம்) குண்டை விநாடிக்கு சுமார் 470 மீட்டர் வேகத்தில் அனுப்பியது. காற்றின் தடையை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டாலே 200 மீட்டரில் அந்தக் குண்டு 88 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். வேகம் 820 மீட்டர் என்றால் 29 சென்டிமீட்டர். 1,250 மீட்டர் என்றால் 13 சென்டிமீட்டருக்கும் குறைவு. காற்றைச் சேர்த்துக்கொண்டால் மூன்றுமே இன்னும் மோசமாகும், மெதுவான குண்டுக்கு இன்னும் அதிகமாக. தூரத்தை ஐம்பது அடி தப்பாக மதிப்பிட்டாலும் மெதுவான குண்டு தலைக்கு மேலே போகும், அல்லது காலடி மண்ணில் புதையும். வேகத்தின் மேல் அந்த ஊர்க்காரர்களுக்கு இருந்த வெறிக்கு அடிப்படை இந்த இறக்கம்தான்.

வேகமான தோட்டாவுக்குப் புதுத் துப்பாக்கி வாங்க எல்லோரிடமும் காசு இல்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் சுத்தமாக இல்லை. அதே சமயம் வீட்டு மூலையில் பல பேரிடம் ஒரு பழைய சிங்கிள் ஷாட் துப்பாக்கி சாத்தியிருந்தது. யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங் தம் 24-ஆம் வயதில், 1879-ல், காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உரிமையை 1883-ல் வின்செஸ்டர் வாங்கிக்கொண்டது. 1885 முதல் 1920 வரை ஏறக்குறைய 1,40,000 துப்பாக்கிகள் வெளிவந்தன. உள்ளே இருப்பது ஒரே ஒரு எஃகுக் கட்டை. விசைக்காப்பாக வளைந்திருக்கும் லீவரைக் கீழே தள்ளினால் கட்டை செங்குத்தாக இறங்கும், குழலின் பின்வாய் திறக்கும். தோட்டாவைக் கையால் செருகி லீவரை இழுத்தால் கட்டை ஏறி வாயை அடைக்கும். கட்டைக்கு முதுகாக நிற்பவை இரு பக்கத்து எஃகுச் சுவர்கள். சிறு தோட்டாக்களுக்கான ரகத்தில், கட்டைவிரலால் தோட்டா செருக வசதியாகச் சுவரைத் தாழ வெட்டியிருப்பார்கள்; அது லோ வால். பெரிய தோட்டாக்களுக்கு உயரச் சுவர். அது ஹை வால். இந்தத் தாழ்வும் உயரமும் பின்னால் பல பேருக்குத் தலைவலியானது.

1920-களின் கடைசியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையைச் சுற்றியிருந்த சில ஆர்வலர்கள், டவுன்சென்ட் வீலன், கிராவ்னர் வாட்கின்ஸ் ஆகியோரும் அதில் உண்டு, பழைய .22 டபிள்யூசிஎஃப் தோட்டாவின் பித்தளைக் கூட்டில் கறுப்பு வெடிமருந்துக்குப் பதிலாகப் புகையில்லா மருந்தைப் போட்டுப் பார்த்தார்கள். 1930-ல் வின்செஸ்டர் அதை .22 ஹார்னெட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால் தோட்டா கடைக்கு வந்தபோது அதைச் சுடுவதற்கான துப்பாக்கியை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. பட்டறைக்காரர்கள்தான் பழைய துப்பாக்கிகளை மாற்றிக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் 45 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 820 மீட்டரை எட்டியது. பித்தளைக் கூடு கிட்டத்தட்ட அதே கூடு, குண்டும் அதே எடை, ஆனால் ஆற்றல் மூன்று மடங்கு. 1884-ல் பிரான்சில் பால் வியேய் செய்த புகையில்லா மருந்து இத்தனையையும் சாத்தியமாக்கியது.

மூன்று மடங்கு கிடைத்தவருக்கு நாலாவது மடங்கின் மேல் ஆசை வராதா? 1940-ல் நியூயார்க் மாநிலத்து வைட்ஸ்பரோவைச் சேர்ந்த லைசல் கில்பர்ன் செய்த வேலை அந்த ஆசைக்கு மிகச் சிக்கனமான பதில். ஹார்னெட் கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது அடியிலிருந்து நுனிவரை ஒடுங்கிக்கொண்டே போகும். உடலும் கழுத்தும் சேரும் தோள்பகுதி ஆறு டிகிரிக்கும் குறைவான சரிவு, விரலால் தடவினால் தோள் இருப்பதே தெரியாது. கில்பர்ன் கூட்டைத் தொடவே இல்லை. குழலில் தோட்டா உட்காரும் அறையை மட்டும் அகலப்படுத்தினார். பக்கச் சுவர் நேராக ஏறி, தோள் 35 டிகிரியில் சட்டென்று உள்ளே மடியும்படி வெட்டும் ரீமர் என்ற குடைகருவி ஒன்று போதும். தோள் இருக்கும் இடத்தில் விட்டத்தில் கூடியது கால் மில்லிமீட்டரும் சொச்சமும்.

புதிய அறைக்கான தோட்டா எங்கே கிடைக்கும்? கடையில் விற்கும் சாதாரண ஹார்னெட்டையே அதில் போட்டுச் சுட வேண்டியதுதான். ஹார்னெட்டின் அடியில் விளிம்பு உண்டு. தோட்டா எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்பதை அந்த விளிம்புதான் தீர்மானிக்கிறது, தோள் அல்ல. ஆகவே தோளைச் சுற்றி வெற்றிடம் இருந்தாலும் தோட்டா தன் இடத்தில் சரியாக நிற்கும். சுட்டதும் மருந்தின் அழுத்தம் பித்தளையை ஊதி அறைச் சுவரில் ஒட்ட வைக்கும். உள்ளே போனது ஒடுங்கிய ஹார்னெட். வெளியே வருவது தோள் எடுத்த கே-ஹார்னெட். வார்ப்பும் கிடையாது, அச்சு இயந்திரமும் கிடையாது. மருந்தே அச்சு அடித்துக் கொடுத்துவிடுகிறது. சில கூடுகள் கழுத்தில் விரிசல் விடும், அவற்றைத் தூக்கிப் போட வேண்டும்; மீதியை மறுபடி மருந்தடைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். துப்பாக்கி உலகில் இவ்வளவு நேர்த்தியான குறுக்குவழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

ரீமர் வேலைக்கு ஒரு கறாரான விதி உண்டு: புதிய அறை பழைய அறையை முழுவதுமாக விழுங்க வேண்டும். வெட்டி எடுக்கலாம், ஒட்ட வைக்க முடியாது. பழைய அறையின் ஒரு பகுதி புதியதைவிடப் பெரிதாக இருந்தால் குழலின் பின்முனையையே அறுத்துத் தள்ளி, மரையைப் புதிதாக வெட்டி, பிறகு அறையைக் குடைய வேண்டும். துளைக்குள் ஓடும் வழிகாட்டி முனை சற்றே ஆடினாலும் அறை கோணலாகும். கோணல் அறையில் ஊதப்பட்ட கூடும் கோணல், அதிலிருந்து கிளம்பும் குண்டும் நேராகப் போகாது. நல்ல பட்டறைக்காரர் ரீமரைச் சிறிது இறக்கி, வெளியே எடுத்து, சீவலைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி இறக்குவார். கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு லேத்தின் மோட்டாரை நம்பாமல் கையால் திருப்புபவர்களும் உண்டு.

கே-ஹார்னெட் தருவதாகப் பொதுவாகச் சொல்லப்படும் கூடுதல் வேகம் விநாடிக்கு 45 முதல் 60 மீட்டர். கூட்டின் கொள்ளளவு கூடியதோ பதினைந்து சதவீதத்துக்குள்தான். அழுத்தம் மாறாமல் கொள்ளளவை மட்டும் கூட்டினால் வேகம் அதில் கால் பங்கு அளவே கூடும் என்பது மருந்தடைப்பவர்களின் பழைய கணக்கு. பதினைந்து சதவீத இடத்துக்கு நாலு சதவீத வேகம் என்று தாராளமாக வைத்தாலும் 33 மீட்டர்தான் வருகிறது. மீதி எங்கிருந்து வந்தது?

அழுத்தத்திலிருந்து வந்தது. புகையில்லா மருந்துக்கு ஒரு குணம்: சுற்றியுள்ள அழுத்தம் கூடக் கூட அது வேகமாக எரியும், வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் கூடும். ஆகவே மருந்தில் கொஞ்சம் கூட்டினால் வேகம் கொஞ்சமாகவும் அழுத்தம் நிறையவும் ஏறும். அன்றைய பட்டறைகளில் அழுத்தத்தை அளக்கும் கருவி கிடையாது. சுட்ட கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் எவ்வளவு தட்டையாகியிருக்கிறது, கூடு எவ்வளவு இறுகிக்கொண்டது என்று பார்த்து ஊகிப்பார்கள். பிரைமரின் தகடு மெல்லியதா தடித்ததா என்பதே கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை வைத்து அழுத்தத்தைச் சொல்வது ஜோசியம். புதிய அறை கொடுத்தது இடத்தை. வேகத்தின் பெரும்பங்கைக் கொடுத்தது, பழைய எஃகு எவ்வளவு தாங்கும் என்று தெரியாமலே ஏற்றிய அழுத்தம். இந்தத் தொழிலின் வரலாறு முழுக்க இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட வரலாறு என்றே எனக்குப் படுகிறது.

அறைக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஹார்னெட்டின் உச்ச அழுத்தம் சுமார் 3,000 பார், அதாவது காற்றுமண்டல அழுத்தத்தைப் போல மூவாயிரம் மடங்கு. அதை மெல்லிய பித்தளைக் கூடு தாங்குவதில்லை. சைக்கிள் டயருக்குள் இருக்கும் டியூப் மாதிரிதான் அது: பலம் டயருடையது, காற்று கசியாமல் பார்ப்பது டியூபின் வேலை. எஃகுக் குழல் பலத்தைத் தருகிறது. பித்தளை விரிந்து சுவரில் ஒட்டி வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கிறது.

அந்தத் தடித்த எஃகும் விரிகிறது. 3,000 பாரில் அறையின் விட்டம் ஆயிரத்தில் இரண்டு பங்கு பெருக்கும். ஏழரை மில்லிமீட்டர் அறையில் அது 0.015 மில்லிமீட்டர். குண்டு குழலை விட்டதும் அழுத்தம் சரிந்து எஃகு பழைய அளவுக்குத் திரும்பும். கூடவே பித்தளையும் சுருங்கும். இறுகிய பித்தளையால் ஆயிரத்தில் சுமார் மூன்று பங்கு சுருங்க முடியும். மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே மிஞ்சும் அந்த ஒரு பங்கு இடைவெளியால்தான் சுட்ட கூடு விரல் நகத்தால் தட்டினாலும் வெளியே வருகிறது. இதே குழலில் அழுத்தத்தை 4,300 பாருக்கு ஏற்றினால் எஃகின் விரிவும் மூன்று பங்கைத் தொட்டுவிடும். இடைவெளி காணாமல் போய், எஃகு பித்தளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

போல்ட் ரக ராணுவத் துப்பாக்கியில் இது பெரிய சிக்கலில்லை. கைப்பிடியைத் தூக்கும்போதே ஒரு சரிவுத் தளம் கூட்டை நெம்பிக் கிளப்பிவிடும். பிரௌனிங்கின் கட்டை அமைப்பில் அந்த நெம்பு பலம் கிடையாது. லீவர் இறங்கும் கடைசிப் பகுதியில் ஒரு சிறு கொக்கி விளிம்பைத் தள்ளும், அவ்வளவே. கூடு இறுகிவிட்டால் குழலின் முன்வாய் வழியாகக் குச்சியை விட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டும். சிங்கிள் ஷாட்டை வேகமாக்கியவர்கள் முதலில் சந்தித்த தொல்லை வெடிப்பு அல்ல, வராத கூடு.

அடுத்தது ஊசி. கறுப்பு மருந்துக் காலத்துத் துப்பாக்கிகளில் பிரைமரைக் குத்தும் ஊசியின் முனையும் அதற்கான துளையும் அகலம். இரண்டு மில்லிமீட்டர் அகல முனையின் மேல் 3,000 பார் அழுத்தம் பின்னோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 95 கிலோ எடைக்குச் சமம். பிரைமரின் மெல்லிய தகடு அந்தத் துளைக்குள் பிதுங்கும். சில சமயம் வட்டமாகக் கிழிந்து, வாயு சுடுபவர் முகத்தை நோக்கி வரும். கட்டையின் முகத்தில் துளையைப் பெரிதாக்கி, எஃகு புஷ் ஒன்றை இறுக்கி, அதில் ஒன்றரை மில்லிமீட்டருக்குப் புதுத் துளை போடுவார்கள். விசை 54 கிலோவாக இறங்கிவிடும். அறையைக் குடைந்துவிட்டு இந்த வேலையைத் தள்ளிப் போட்ட பட்டறைக்காரர் பாதி வேலைக்கு முழுக் கூலி வாங்கியவர்.

இனி கட்டையின் முதுகில் விழும் உதை. அழுத்தத்தைக் கூட்டின் அடிப்பரப்பால் பெருக்கினால் அதன் உச்சவரம்பு கிடைக்கும். ஹார்னெட்டின் அடிப்பரப்பு 0.45 சதுர சென்டிமீட்டர்; உதை சுமார் 1,350 கிலோ. 1935-ல் வின்செஸ்டர் கொண்டுவந்த .220 ஸ்விஃப்ட், விநாடிக்கு 1,250 மீட்டர் வேகத்தால் அன்று உலகையே வாய்பிளக்க வைத்த தோட்டா, அதற்கு அடிப்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 4,200 பாருக்கும் மேல். உதை நாலு டன்னைத் தாண்டுகிறது. துளையின் அளவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆகவே லோ வாலின் குழலில் ஸ்விஃப்டின் ரீமர் தாராளமாக இறங்கும். இறக்குபவரைத் தடுக்கத் துப்பாக்கியில் எந்த அறிவிப்பும் இல்லை. தாழ்ந்த சுவருக்கு ஹார்னெட்டே நியாயமான எல்லை, கே-ஹார்னெட்டைக் கட்டுப்பாடாக அடைத்தால் பொறுத்துக்கொள்ளும் என்பது அனுபவசாலிகள் பலரின் கருத்து. .219 ஜிப்பர், டொனால்ட்சன் வாஸ்ப் போன்ற பெரிய தோட்டாக்களுக்கு ஹை வால்தான் இடம். ஸ்டீவன்ஸ் 44 என்ற மென்மையான சிங்கிள் ஷாட்டை இந்த வம்புக்கே இழுக்கக்கூடாது.

உச்சவரம்பு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சுவரில் ஒட்டிக்கொண்ட பித்தளை உராய்வால் அங்கேயே நிற்கப் பார்க்கும். அதனால் உதையில் ஒரு பகுதி கட்டைக்கு வந்து சேராது. பார்க்கர் ஆக்லி என்ற பட்டறை மேதை இதை முரட்டுத்தனமாகச் சோதித்தார். கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் துப்பாக்கித் தொழில் கற்பித்தவர் அவர். ஒரு வின்செஸ்டர் 94 துப்பாக்கியின் அறையை, கூட்டின் சுவர் நேராக ஏறும்படி குடைந்தார்; பிறகு பின்வாயைப் பூட்டும் பாகத்தையே கழற்றிவிட்டுச் சுட்டார். கூடு அறையிலேயே நின்றது. சுவர் நேராக இருந்தால் பிடிமானம் கூடும் என்று காட்ட இதைவிட அழுத்தமான செய்முறை வேண்டாம். ஆனால் இதைப் படித்த பலர், திருத்திய அறைக்கு எவ்வளவு மருந்தும் அடைக்கலாம், துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொண்டார்கள். சோதனையில் தப்பில்லை, பாடத்தில்தான் தப்பு. அறையில் ஒரு துளி எண்ணெயோ மழைநீரோ இருந்தால் உராய்வு போய்விடும்; மொத்த உதையும் கட்டைக்கு வரும். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் பித்தளையின் சுவர் அடிப்பக்கம் இழுபட்டு அறுந்தும் போகும். உராய்வை நம்பிப் பூட்டை மெலிதாக்குவது மழை பெய்யாது என்று நம்பிக் கூரையைப் பிரிப்பதுதான்.

குழலின் உள்ளே ஓடி, குண்டைச் சுழலவைக்கும் புரியை ரீமரால் மாற்ற முடியாது. பழைய ஹார்னெட் குழல்களில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விநாடிக்கு 820 மீட்டரில் அது நிமிடத்துக்கு 1,20,000 சுழற்சி. கேட்கப் பெரிதாக இருந்தாலும் நீளக் குண்டுக்குப் போதாது. 1879-ல் இங்கிலாந்தின் வூல்விச்சில் ஜார்ஜ் கிரீன்ஹில் தந்த எளிய சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் இந்தப் புரி தாங்கும் குண்டின் நீளம் 12 மில்லிமீட்டர். அதைவிட நீண்டால் தலைகுப்புறப் புரண்டுகொண்டு போகும். எனவே அறையை எவ்வளவு வேகமாக்கினாலும் பழைய குழலுக்குக் குட்டைக் குண்டே விதி, குட்டைக் குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழப்பதும் விதி. குழலே வேறு துளையாக இருந்தால் பேச்சே இல்லை: ஆஸ்திரேலிய அரசு மாணவப் படைகளுக்காக வாங்கிய .310 மார்ட்டினி கேடட் துப்பாக்கிகள் பின்னாளில் மலிவாக விற்பனைக்கு வந்தபோது, உறுதியான அந்த அமைப்பை .22 வேகத் தோட்டாக்களுக்கு மாற்றியவர்கள் குழலையே கழற்றிப் புதிது பூட்டினார்கள்.

கொள்ளளவைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதையும் ஆக்லிதான் செய்து காட்டினார், பாதி விளையாட்டாக. யானை வேட்டைக்கான .378 வெதர்பியின் பிரம்மாண்டக் கூட்டை .22 குண்டுக்கு ஒடுக்கி, இயர்கெஸ்பிளிட்டன் லௌடன்பூமர் என்று கிண்டலாகப் பெயர் வைத்தார். விநாடிக்கு 5,000 அடியைத் தாண்ட வேண்டும் என்பது இலக்கு. 4,600 அடியில், அதாவது 1,400 மீட்டரில், நின்றுவிட்டது. கிண்ணம் கிண்ணமாக மருந்தை எரித்து, .220 ஸ்விஃப்டைவிடக் கிடைத்தது 150 மீட்டர். அந்தச் சுவாலை அத்தனையும் ஐந்தரை மில்லிமீட்டர் துளை வழியாகப் பாய்ந்தால் புரியின் தொடக்கம் வெந்து அரித்துப் போகும். ஸ்விஃப்டுக்கே குழல் தின்னி என்ற கெட்ட பெயர் உண்டு.

1950-ல் ரெமிங்டன் கம்பெனி .222 தோட்டாவைக் கொண்டுவந்த பிறகு, கடையில் வாங்கிய துப்பாக்கியும் கடையில் வாங்கிய தோட்டாவுமே பட்டறை வேலை செய்த பலவற்றைத் துல்லியத்தில் தோற்கடித்தன. பட்டறைக் குழந்தையான .22-250-ஐ 1965-ல் ரெமிங்டனே தத்தெடுத்தது. ரீமர்க்காரர்களுக்கு வேலை குறைந்தது. இன்று ஒரு பழைய லோ வால் விற்பனைக்கு வந்தால், அறை தொடாமல் இருந்தால்தான் சேகரிப்பவர் அதிக விலை கொடுப்பார்.

தொட்டிருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பது இன்றும் ஒரு வேலை. அறையை மாற்றியவர் குழலில் புதுப் பெயரைப் பொறிக்க வேண்டும், பலர் பொறிக்கவில்லை. குழலில் ஹார்னெட் என்றே இருக்கும், உள்ளே .218 பீ என்ற வேறொரு தோட்டாவின் அறை இருக்கும். இதைக் கண்டுபிடிக்க செரோசேஃப் என்ற உலோகக் கலவை உண்டு. தண்ணீரின் கொதிநிலைக்குக் கீழேயே உருகும். அறையைத் துடைத்து, குழலுக்குள் துணி அடைத்து, உருக்கி ஊற்றி, கெட்டியானதும் பின்பக்கமாகத் தட்டி எடுப்பார்கள். முதலில் சற்றுச் சுருங்கி, ஒரு மணி நேரத்தில் அறையின் அளவுக்குத் திரும்பும். அப்போது மைக்ரோமீட்டரை எடுத்து அடியில் ஒன்று, தோளருகே ஒன்று என்று அளந்தால் போதும்: அடி 7.6 மில்லிமீட்டர், தோள் 7 என்றால் கம்பெனி ஹார்னெட்; தோள் கால் மில்லிமீட்டரும் சொச்சமும் கூடி, சரிவு சட்டென்று மடிந்தால் கில்பர்ன் வகை. அடியே 8.9 வந்தால் பீயின் ரீமர் இறங்கிய குழல் அது. அதில் ஹார்னெட்டைப் போட்டுச் சுடுவது ஆபத்து.